மறுபுறம் மலரும் ஆணி

பழைய அமெரிக்க நெடுஞ்சாலைப் பேருந்தின் பக்கவாட்டை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1953 முதல் 1960 வரை கட்டிய பிடி-4104 கிடைத்தால் பாக்கியம். முதல் பார்வைக்கு அலுமினியத்தின் வெள்ளிப் பளபளப்பு மட்டுமே தெரியும். கண் சற்றுப் பழகட்டும். சன்னல் விளிம்பை ஒட்டி ஒரு வரிசை, தகடும் தகடும் சேரும் இடத்தில் இன்னொரு வரிசை, கூரையின் வளைவோடு வளைந்து ஏறும் மற்றொரு வரிசை என்று சின்னஞ்சிறு மேடுகள் மெல்ல எழுந்து வரும். ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் மெல்லிய நிழல். வண்டியின் நீளம் முழுக்க அந்த ஒளியும் நிழலும் மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கும். இவைதாம் ரிவெட்டுகள். இவற்றுக்காகவே ஒரு வண்டியைச் சுற்றி வரலாம்.

இப்படிப்பட்ட பேருந்தை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து ஓடும் வீடாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் பல காலமாக உண்டு. குளியலறை வரும் இடத்தில் சன்னல் வேண்டாம், தகடு போட்டு மூட வேண்டும். பழைய விளக்கு இருந்த ஓட்டை, எதிலோ இடித்து நசுங்கிய மூலை, அரித்துப்போன கீழ்விளிம்பு எல்லாவற்றுக்கும் புதுத் தகடு தேவைப்படும். தகடு வாங்குவது எளிது. அதைப் பழைய உடம்போடு சேர்க்க எந்த ரிவெட், எந்த உலோகம், எந்தத் தலை, என்ன நீளம், எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்கும்போதுதான் வேலை கலையாகிறது. நன்றாகத் தேர்ந்தெடுத்த ரிவெட்டின் பெருமை, தேர்ந்தெடுத்த சுவடே தெரியாமல் போவதில் இருக்கிறது. சன்னல் எங்கே இருந்தது என்று வண்டிக்குச் சொந்தக்காரரே தடவித் தேட வேண்டும்.

அடியில் கனத்த சட்டம், அதன்மேல் உட்கார்ந்த கூடு என்ற லாரி அமைப்பு 4104-க்குக் கிடையாது. விமானத்தில் போலத் தோலே பாரம் சுமக்கிறது. சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் தகட்டிலிருந்து தகட்டுக்கு ரிவெட் வழியாகவே கடந்து போகிறது. இந்தக் கலை வானத்திலிருந்து சாலைக்கு இறங்கியது என்பது வெறும் அலங்காரப் பேச்சில்லை. லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ விமானத்தை 1927-ல் சான் டியாகோவில் கட்டியபோது வேலையை மேற்பார்த்த ஹாலி போலஸ்தான், 1934-ல் ரிவெட் அடித்த அலுமினிய உடம்போடு ‘ரோட் சீஃப்’ என்ற இழுவை வீட்டைச் செய்தார். இழுவை வீடு செய்யும் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ‘கிளிப்பர்’ 1936-ல் அதே வழியில் வந்தது. ஆகவே, பேருந்தை வீடாக்குபவர் ரிவெட் தேடி விமானக் கடையின் படி ஏறுவதில் ஆச்சரியம் இல்லை. அது தாய்வீட்டுக்குப் போவதுதான்.

இனி ஒரே ஒரு ரிவெட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஏஎன்470 என்ற வகை, 3.2 மில்லிமீட்டர் தண்டு. உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. தலையின் விட்டம் தண்டைப் போல இரு மடங்கு. முழு உருண்டையாக உயராமல், முழுத் தட்டையாகவும் படுக்காமல், உச்சியில் மட்டும் லேசாக அடங்கிய ஓர் இதமான வளைவு. முன்பு உருண்டைத் தலை, தட்டைத் தலை, அகன்று மெலிந்த பிரேசியர் தலை என்று தனித்தனியாக இருந்தவற்றின் குணங்களைக் கூட்டிச் செய்த வடிவம் இது. ‘யுனிவர்சல் தலை’ என்கிறார்கள். மூவருக்கும் பிறந்த பிள்ளை என்றாலும் முகத்தில் பிரேசியரின் சாயல் சற்றுக் குறைவு என்பது என் கட்சி. பழைய பிரேசியர் தலை காற்றுக்கு வழிவிட்டுத் தாழ்ந்து படுத்திருக்கும் அழகே தனி. பழைய வண்டியில் அந்தத் தலை இருந்தால், அதன் பக்கத்தில் புதிய 470 ஒரு நூல் உயரமாக நின்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓடும் வண்டியைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. சாய்வெயிலுக்குத் தெரியும்.

தலையை இன்னும் அருகில் கொண்டுவாருங்கள். நட்டநடுவில் ஊசியால் தொட்டது போல ஒரு குழி இருக்கிறதா? குறையென்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆணியின் பிறப்புச் சான்றிதழே அதுதான். குழி இருந்தால் 2117 என்ற அலுமினியக் கலவை. ஒன்றும் இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் 1100, அதாவது மிக மென்மையான, ஏறக்குறையத் தூய அலுமினியம். குழிக்குப் பதில் ஒரு புள்ளி மேடாக நின்றால் 2017. இரண்டு சிறு கோடுகள் மேடாக நின்றால் 2024. சிலுவைக்குறி என்றால் 5056. இவ்வளவு செய்தியையும் தாங்கும் இடம் ஆறே மில்லிமீட்டர் அகலம். எண்ணெயும் தூசியும் படிந்த பெட்டியில் ஐந்து வகையும் கலந்து கிடந்தாலும், கைவிளக்கும் கூர்ந்த கண்ணும் இருந்தால் பிரித்துவிடலாம்.

இந்த ஐந்தில் 2024-க்குத்தான் கதை அதிகம். அப்படியே அடித்தால் தலை வெடித்துவிடும் அளவுக்குக் கடினமானது. சூளையில் வைத்துச் சுட்டு, சட்டென்று தண்ணீரில் குளிர்வித்து மென்மையாக்க வேண்டும். அந்த மென்மையும் நிலைப்பதில்லை. அறைச் சூட்டில் வைத்தால் தானே மெல்ல இறுகிவிடும். அதனால் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து, வெளியே எடுத்த சில நிமிடங்களுக்குள் அடித்து முடிக்க வேண்டும். ‘ஐஸ் பெட்டி ரிவெட்’ என்று செல்லப்பெயர். பேருந்துக்கு இந்த நாசூக்கு தேவையில்லை. குழி வைத்த 2117 எந்தச் சடங்கும் கேட்காமல், பொட்டலத்திலிருந்து எடுத்தபடியே அடிபடச் சம்மதிக்கும். பேருந்துக்காரர்களின் அன்புக்கு உரியது அதுவே.

நீளம் தேர்வதில் உள்ள அழகு எனக்கு மிகவும் பிடித்தது. கடையில் வாங்கும் ரிவெட்டுக்கு ஒரு தலைதான் இருக்கிறது. மற்றொரு தலை இன்னும் பிறக்கவில்லை. அது பிறப்பதற்கு எவ்வளவு உலோகம் வேண்டுமோ அவ்வளவைத் தண்டில் மிச்சம் வைத்து வாங்க வேண்டும். கணக்கு எளியது: சேர்க்கும் தகடுகளின் மொத்தக் கனம், அதோடு தண்டின் விட்டத்தில் ஒன்றரை மடங்கு. 0.8 மில்லிமீட்டர் தகடு இரண்டைச் சேர்க்கிறோம் என்றால் கனம் 1.6. தண்டு 3.2 என்பதால் ஒன்றரை மடங்கு 4.8. கூட்டினால் 6.4 மில்லிமீட்டர். அதுவே கால் அங்குலம். ஏஎன்470ஏடி4-4 என்று சீட்டு ஒட்டிய பொட்டலத்தை நீட்டுவார்கள். ‘ஏடி’ நாம் பார்த்த அந்தக் குழி. முதல் 4, விட்டம் 32-ல் 4 பங்கு அங்குலம் என்கிறது. அடுத்த 4, நீளம் 16-ல் 4 பங்கு அங்குலம் என்கிறது. உலோகம், தலை, பருமன், நீளம் நான்கையும் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிற இந்தச் சிக்கனத்தை நம் யாப்பிலக்கணக்காரர்கள் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்கள்.

துளையும் தன் பங்குக்கு நயம் காட்டும். 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு 30-ம் எண் டிரில் பிட். துளைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளிகூட இல்லை. அடி விழ விழத் தண்டு பருத்து அந்த இடைவெளியையும் நிரப்பிக்கொள்ளும். முடிந்த பின் தகட்டுக்கும் ஆணிக்கும் இடையே காற்று போகவும் வழியிராது. பழைய ரிவெட்டைத் துளைத்து எடுத்த இடத்தில் துளை சற்று விரிந்திருந்தால், வருத்தப்படாமல் அடுத்த பருமனுக்கு, 32-ல் 5 பங்கு அங்குலத்துக்குப் போய்விட வேண்டும். விரிந்த துளையில் மெலிந்த ஆணியைத் திணித்துச் சிலிக்கோன் பசையால் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். நாம் அங்கே நிற்க வேண்டாம்.

அடிப்பதற்கு இருவர் வேண்டும். ஒருவர் வெளியே, காற்றழுத்தத்தில் இயங்கும் ரிவெட் கன்னோடு. மற்றவர் வண்டிக்குள்ளே, பக்கிங் பார் என்ற கனத்த எஃகுக் கட்டையைத் தண்டின் முனையில் அழுத்திப் பிடித்தபடி. வெளியே தலைமேல் படபடவென்று அடி விழ, உள்ளே கட்டைக்கு எதிராக நசுங்கி இரண்டாவது தலை மலர்கிறது. அதற்கும் அளவு உண்டு: அகலம் விட்டத்தில் ஒன்றரை மடங்கு, உயரம் விட்டத்தில் பாதி. நம் 3.2 ஆணியில் 4.8 அகலம், 1.6 உயரம். இரண்டு நொடி அடி குறைந்தால் பிடிப்பு போதாது. இரண்டு நொடி கூடினால் தலை பரந்து மெலிந்துவிடும். வெளியே நிற்பவருக்கு அந்தத் தலை தெரிவதே இல்லை. உள்ளே இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சத்தத்தில் பேச முடியாது என்பதால் தட்டித் தெரிவிக்கும் ஒரு பாஷை உண்டு. தகட்டில் இரண்டு தட்டு தட்டினால் நன்றாக அமைந்தது. மூன்று தட்டினால் கெட்டுவிட்டது, எடுத்துவிடு. பேருந்தை வீடாக்கும் பல குடும்பங்களில் கணவன் வெளியே, மனைவி உள்ளே, அல்லது மாறி நின்று இந்த வேலையைச் செய்கிறார்கள். தகட்டின் இருபுறமும் நின்று, முகம் பார்க்காமல், இரண்டு தட்டுக்குக் காத்திருப்பதில் உள்ள இல்லறம் தனி.

ரிவெட் கன் என்றதும் நார்மன் ராக்வெல் வரைந்த ‘ரோசி தி ரிவெட்டர்’ நினைவுக்கு வருகிறாள். 1943 மே 29 ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ அட்டையில், ஒரு கையில் சாண்ட்விச், மடியில் கனத்த ரிவெட் கன் என்று சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்திருப்பாள். கையை மடக்கிக் காட்டும் இன்னொரு சுவரொட்டிதான் உலகெங்கும் பிரபலம். அதில் ரிவெட் வேலைக்கான கருவி ஒன்றுமே கிடையாது. ஆகவே என் ஓட்டு ராக்வெல்லுக்கு.

அந்தக் கன்னின் முனையில் மாட்டும் குழிந்த துண்டுக்கு ‘செட்’ என்று பெயர். அதன் குழிவு ரிவெட் தலையின் வளைவைவிட ஒரு பொடி அகலமாக இருக்கும்படி கடைந்திருப்பார்கள். அடி தலையின் உச்சியில் விழ வேண்டும், ஓரத்தில் தகட்டைத் தொடக் கூடாது என்பதற்காக. கை கொஞ்சம் சாய்ந்தால் செட்டின் விளிம்பு உலோகத்தில் பதிந்து, வளைந்த கீறல் ஒன்று விழுந்துவிடும். தொழிலில் இதை ‘ஸ்மைலி’ என்கிறார்கள். யாரும் விரும்பாத அந்தப் புன்னகை விழாமல் நீண்ட வரிசை ஒன்று முடிந்திருந்தால், அதன் முன்னே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும்.

வரிசையின் ஒழுங்கும் தானாக வருவதில்லை. தகட்டின் ஓரத்திலிருந்து ரிவெட்டின் மையம் குறைந்தது இரண்டு விட்டம் உள்ளே இருக்க வேண்டும். ரிவெட்டுக்கும் ரிவெட்டுக்கும் நடுவே குறைந்தது மூன்று விட்டம். வீடாக்குபவர் இதோடு பழைய வண்டியின் இடைவெளியையும் மதிக்க வேண்டியிருக்கிறது. தொழிற்சாலை போட்ட தாளத்தில் புது வரிசையும் நடக்க வேண்டும் அல்லவா? இதற்கென்றே ஃபேன் ஸ்பேசர் என்ற அழகான கருவி உண்டு. நம் ஊர்க் கடைகளில் இழுத்துப் பூட்டும் மடக்குக் கம்பிக் கதவைச் சிறிதாக்கினால் அதுதான். இரண்டு முனைகளையும் முதல் துளையிலும் கடைசித் துளையிலும் வைத்து இழுத்தால், நடுவில் இருக்கும் அத்தனை புள்ளிகளும் தாமே சமமாக விலகி நிற்கும். பென்சிலால் குறித்துக்கொண்டு போகலாம்.

துளை போட்டதும் தகடு நழுவாமலிருக்கக் கிளீக்கோ என்ற தற்காலிகப் பிடிப்பான்கள் வரும். கிளீவ்லாந்து நியூமாட்டிக் டூல் என்ற நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்த பெயர். 32-ல் 3 பங்கு அங்குலத் துளைக்கு வெள்ளி நிறம், 4 பங்குக்குச் செம்பு, 5 பங்குக்குக் கறுப்பு, 6 பங்குக்குப் பொன். ரிவெட் அடிப்பதற்கு முந்தைய மாலையில், செம்பு நிறக் கிளீக்கோக்கள் ஒரு பேருந்தின் விலா முழுக்கக் குத்தி நிற்கும் கோலம் மறுநாளே மறைந்துவிடும். அதனாலேயே அதைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே ஆள் புக முடியாத இடம் எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். சுவருக்குள் குழாய் போயிருக்கும், அல்லது வளைவின் இடுக்கில் கட்டை நுழையாது. அங்கே ஒரு பக்கத்திலிருந்தே இழுத்துப் பூட்டும் பாப் ரிவெட்டை நாட வேண்டியிருக்கிறது. சாதாரணப் பாப் ரிவெட்டின் நடுவே, இழுத்த கம்பி அறுந்த குழி கறுப்பாகத் தெரியும். அழகான வரிசையில் அது ஓர் ஓட்டைப் பல். மழைநீருக்கும் வழி. இதற்கு மாற்றாக, ஏர்ஸ்ட்ரீம் பழுது பார்ப்பவர்கள் விரும்பும் ‘ஒலிம்பிக்’ ரிவெட் ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து இழுக்கும்போது உள்ளே அதன் உடல் மூன்று கால்களாக மடங்கி விரிந்து தகட்டைக் கவ்விக்கொள்ளும். கம்பி தலைக்குச் சற்று மேலே அறுந்து ஒரு சிறு முனையாக நிற்கும். பிறகு ரிவெட் ஷேவர் என்ற சிறு கடைசல் கருவியை மேலே வைத்து அழுத்தினால் அந்த முனை சீவப்பட்டு, மழமழவென்ற முழுத் தலை வெளிப்படும். பக்கத்தில் இருப்பது அடித்த ரிவெட், இது இழுத்த ரிவெட் என்று பிரித்துச் சொல்லத் தேர்ந்த கண் வேண்டும். போலி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பக்கத்தில் நிற்பதை மதித்துத் தன்னைச் சீவிக்கொள்ளும் ஆணியைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மஞ்சள் பள்ளிப் பேருந்துக்கு வந்தால் காட்சி மாறுகிறது. அங்கே உடம்பு எஃகு. 1977 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் அமெரிக்கக் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி 221, அந்த வண்டியின் தகடு இணைப்புகளுக்கென்றே எழுதப்பட்டது. இணைத்த தகடுகளில் பலம் குறைந்தது எதுவோ, அதன் இழுவைப் பலத்தில் 60 விழுக்காடாவது இணைப்புக்கு இருக்க வேண்டும். விபத்தில் தகடு பிரிந்து குழந்தைகளை வெட்டிவிடக் கூடாது என்ற கவலையின் வடிவம் அது. பள்ளிப் பேருந்தின் ரிவெட் வரிசைகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதைப் பார்க்கும்போது, அந்தக் கவலையைத்தான் பார்க்கிறோம். இவற்றை ‘ஸ்கூலி’ என்ற பெயரில் வீடாக்குபவர்கள் கூரையை வெட்டி உயர்த்தும்போதும் சன்னலை மூடும்போதும் அந்த நெருக்கத்தைக் குறைக்காமல் இருப்பதே மரியாதை.

எஃகுத் தகட்டுக்கு எஃகு ரிவெட்தான் துணை. அலுமினிய ரிவெட்டை அங்கே வைத்தால், ஈரமும் பனிக்காலச் சாலை உப்பும் சேர்ந்து இரண்டு உலோகத்துக்கும் நடுவே மின்கலம் ஒன்றை உண்டாக்கிவிடும். பரந்த எஃகுக்கு நடுவே சிறிய அலுமினியம் அகப்பட்டால், அரிப்பு முழுவதும் அந்தச் சின்ன உடம்பின்மேல் இறங்கும். சில குளிர்காலங்களில் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். உறவு பார்த்துக் கொடுப்பது உலோகத்திலும் நடக்கிறது: அலுமினியத்துக்கு அலுமினியம், எஃகுக்கு எஃகு.

கடைசியாக, வாங்கும் சுகம். கலிபோர்னியாவின் ஏர்கிராஃப்ட் ஸ்புரூஸ் போன்ற விமானப் பொருள் கடைகளில் ரிவெட்டை எடை போட்டு, பவுண்டுக் கணக்கில் விற்கிறார்கள். ஒலிம்பிக் வேண்டுமென்றால் பழைய இழுவை வீடுகளுக்கு உதிரிப்பாகம் விற்கும் விண்டேஜ் டிரெய்லர் சப்ளை போன்ற கடைகள் இருக்கின்றன. பிரேசியர் தலைக்குச் சற்றுத் துழாவ வேண்டியிருக்கும். 470 வந்தபின் அது வழக்கொழிந்த வகை. புதிய 2117 ரிவெட்டுகள் பெரும்பாலும் மெல்லிய பொன்னிறப் பூச்சோடு வரும். வண்ணம் அடிக்கப்போகிற வண்டி என்றால் கவலையில்லை. மெருகேற்றி வெள்ளியாகவே விடப்போகிறீர்கள் என்றால், பூச்சில்லாத வெற்று ஆணியாகக் கேட்டு வாங்குங்கள், அல்லது மெருகு போடும்போது அந்தப் பொன்னைத் தேய்த்து எடுக்கத் தயாராக இருங்கள். வண்டியிலிருந்து கழற்றிய பழைய ரிவெட் ஒன்றின் தலையைச் சட்டைப் பையில் எடுத்துப் போவது எந்தப் பட்டியலையும்விடப் பயன்படும். சில நீளங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, அதே கனமுள்ள வீண்தகட்டில் அடித்துப் பார்த்த பிறகே மொத்தமாக வாங்க வேண்டும். அப்போதும் கணக்குக்கு மேலே அரைப் பவுண்டு கூடுதலாக வாங்கிவிடுங்கள். மூன்று தட்டு கேட்காமல் எந்தப் பேருந்தும் முடிந்ததில்லை.